பூவுக்குத் தேதி கிடையாது: டோக்கியோவிலிருந்து காரில் ஒரு நாள் சகுரா பயணம்

ஜப்பானுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமைக்கு ஒரு மாதம் முன்பே வாடகைக் கார் பதிவு செய்தேன். கல்யாணத்துக்கு நாள் குறித்ததுபோல் நண்பர்களுக்கெல்லாம் சொல்லி, ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்து, இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போய் இறங்கினால், சகுரா என்னும் செர்ரி மரம் முழுக்கப் பச்சை இலை. பழுப்பேறிய இதழ்கள் சேற்றோடு ஒட்டிக் கிடந்தன. பார்க்கிங்கில் காசு வாங்கிய பெரியவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தார். "போன புதன்கிழமை நன்றாக இருந்தது" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் காசைவிடப் பெரிது. "மேலே போங்கள். கார்தான் இருக்கிறதே" என்று மலைப்பக்கம் கை காட்டினார். இருபது நிமிடம் ஏறினோம். அங்கே பூ அன்றைக்குத்தான் முழுதாக விரிந்திருந்தது.

சகுரா பார்க்கக் காரில் போவதற்கு இருக்கும் ஒரே நல்ல காரணம் இதுதான். ஊருக்குள் இருக்கும் பூங்காக்களைப் பார்க்க ரயிலே போதும். உவேனோவுக்கும் சுமிதா ஆற்றங்கரைக்கும் காரில் போகிறவர் பார்க்கிங் தேடியே பூவைத் தவறவிடுவார். ஆனால் மலைநாட்டில் நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறைகிறது. பூ இரண்டு மூன்று நாள் பிந்துகிறது என்பது என் கைக்கணக்கு. கீழே உதிர்ந்திருந்தால் ஏறலாம், மேலே மொட்டாக இருந்தால் இறங்கலாம். அதனால் ஓர் இடத்தைக் குறிவைக்காமல், உயரம் மாறி மாறி வரும் ஒரு தடத்தைத் தேர்ந்தெடுங்கள். டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்வர எனக்குத் தெரிந்த நல்ல தடம், யமனாஷி மாநிலத்தின் நிராசாகி, ஹொகுதோ பக்கம். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் லைசென்ஸ்

சுற்றுலாவாக வருகிறவர்கள் ஊரில் கிளம்புமுன்பே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஜப்பான் ஏற்றுக்கொள்வது 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி தரப்படும் அனுமதியை மட்டுமே. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடுகள்தான். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் லைசென்ஸ் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வழி வேறு: பன்னாட்டு அனுமதிக்குப் பதிலாக, அந்த லைசென்ஸின் அதிகாரபூர்வ ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். அனுமதி என்பது கையில் பிடிக்கிற அந்தச் சின்னப் புத்தகம்தான். போனில் படம் காட்டினால் கார் தரமாட்டார்கள். அதோடு ஊர் லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.

இங்கேயே குடியிருப்பவர்களுக்கு அந்த அனுமதி வந்து இறங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு வருடம். லீவில் ஊருக்குப் போய்ப் புது அனுமதி வாங்கி வந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்தால் அது செல்லாது. ஊர் லைசென்ஸை ஜப்பான் லைசென்ஸாக மாற்றிக்கொள்வதுதான் சரி. 2025 அக்டோபரிலிருந்து அதன் எழுத்துத் தேர்வு 10 கேள்வியிலிருந்து 50 ஆகிவிட்டது. இந்த வசந்தத்துக்கு ஓட்ட வேண்டுமென்றால் போன இலையுதிர் காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

நாள் பார்ப்பது எப்படி

டோக்கியோவில் சகுரா பூக்கத் தொடங்கிவிட்டது என்று வானிலைத்துறை அறிவிப்பது, யாசுகுனி கோயிலுக்குள் இருக்கும் ஒரு மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தால்தான். அந்த அறிவிப்புக்குப் பெயர் கைக்கா. எண்பது சதவீதத்துக்கு மேல் விரிந்தால் மான்காய், அதாவது முழுப்பூ. இரண்டுக்கும் இடையே ஒரு வாரம் ஆகும். 2023-இல் டோக்கியோவின் கைக்கா மார்ச் 14. அடுத்த வருடம் மார்ச் 29. பதினைந்து நாள் வித்தியாசம்! ஒரு மாதம் முன்பே நாள் குறித்த என் சாமர்த்தியத்தை இப்போது அளந்துகொள்ளலாம்.

வானிலைத்துறை பூக்கும் நாளை முன்கூட்டிச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. இப்போது தனியார் வானிலை நிறுவனங்கள்தான் ஜனவரியிலிருந்து கணிப்பு வெளியிட்டு, வாரந்தோறும் திருத்துகின்றன. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி வாரத்தில் கணிப்பை விட்டுவிட்டு, அந்தந்த ஊர்ச் சுற்றுலா அமைப்பு தினமும் போடும் நிலவரத்தைப் பார்க்க வேண்டும். அதில் வரும் சொற்கள் ஏழுதான். சுபோமி என்றால் மொட்டு. சாகிஹாஜிமே, தொடக்கம். கோபுஸாகி, பாதி. ஷிச்சிபுஸாகி, எழுபது சதவீதம். மான்காய், முழுப்பூ. சிரிஹாஜிமே, உதிரத் தொடங்கிவிட்டது. ஹாஸாகுரா, இலை வந்துவிட்டது. நான் முதல் வருடம் போய்ப் பார்த்தது. என்னைக் கேட்டால் ஷிச்சிபுஸாகிக்கும் சிரிஹாஜிமேவுக்கும் நடுவில் எந்த நாளும் நல்ல நாள். உதிரும் நாளில் காற்றடித்தால் கிடைக்கும் காட்சிக்கு ஹனாஃபுபுகி என்று பெயர், பூப்பனிப்புயல். முழுப்பூவைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

மரவகையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஊரெங்கும் பூங்காக்களில் நிற்பது சோமெய் யோஷினோ. டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்தின் பிற்பகுதியில், இன்றைய டோக்கியோவின் கொமகோமே பக்கம் இருந்த சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பிய மரம். எல்லாமே ஒட்டுப்போட்டு வளர்த்த ஒரே மரத்தின் நகல்கள்; ஒரே நாளில் பூத்து ஒரே நாளில் கொட்டுவது அதனால்தான். நாம் பார்க்கப்போகும் கிழ மரங்கள் எதோஹிகான் வகை. நூற்றாண்டுக் கணக்கில் வாழும், சோமெய் யோஷினோவைவிடக் கொஞ்சம் முந்திப் பூக்கும். ஆக, மலையில் நிற்கும் எதோஹிகானும் கீழே நிற்கும் சோமெய் யோஷினோவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூக்கக்கூடும். உயரக் கணக்குப் போடும்போது இதை மறந்தால் ஏமாறுவீர்கள்.

யமனாஷிக்கு என் பொதுவான கணக்கு: மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை நிராசாகியும் ஜிஸ்ஸோஜி கோயிலும், அதற்கு அடுத்த வாரம் மேலே கொபுச்சிஸாவா. முடிந்தால் வார நாளில் ஒரு லீவு போடுங்கள். ஒரு நாள் சம்பள லீவுக்கு அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

கார் எடுப்பது

பூக்காலத்தில் வாரக் கடைசிக் கார்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாளோ கடைசிவரை உறுதியாகாது. அடுத்தடுத்து இரண்டு நாட்களுக்குப் பதிவு செய்துவிட்டு, ஒரு வாரம் முன்பு ஒன்றை ரத்து செய்வேன். எத்தனை நாள் முன்பு வரை ரத்துக்குக் கட்டணம் இல்லை என்பதைப் பதியும்போதே படித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கடைகள் பெரும்பாலும் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். எட்டுக்குக் கார் எடுத்து டோக்கியோவை விட்டு வெளியேறினால், எல்லாரோடும் சேர்ந்து நெரிசலில் நிற்கலாம். வழி இரண்டு. முந்தின நாள் மாலையே எடுத்து, இரவு முழுக்க நின்றாலும் இதற்கு மேல் கட்டணம் ஏறாது என்று எழுதியிருக்கும் காசு பார்க்கிங்கில் போட்டுவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்புவது ஒன்று. ஷிஞ்ஜுகுவிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் யமனாஷியில் இருக்கும் கோஃபு போய், நிலையத்தருகே கார் எடுப்பது இன்னொன்று. ஜப்பானில் முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டோக்கியோ மாநகர விரைவுச்சாலையில் வலப்பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து சேரும், வலப்பக்கமாகவே வெளியேறவும் வேண்டிவரும், முடிவெடுக்கச் சில நொடிதான் இருக்கும். அங்கே போய் ஓட்டப் பழகாதீர்கள்.

கார் எடுக்கும்போது மூன்று விஷயம். விபத்துக் காப்பீட்டோடு, கார் ஓடாமல் நிற்கும் நாட்களுக்கான நஷ்டத்தையும் சேர்த்துக் காக்கும் கூடுதல் காப்பீட்டை எடுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். பதியும்போதே சொன்னால்தான் கிடைக்கும். மூன்றாவது, ஈ.டி.சி. கார்டு. சுங்கச்சாவடியில் நிற்காமல் போகும் கார்டு அது, கடையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கார்டை வாங்கினால் மட்டும் போதாது, கருவியில் செருக வேண்டும். கார்டை டேஷ்போர்டின் மேல் அழகாக வைத்துவிட்டு விடியற்காலை ஐந்தரைக்குச் சாவடிக்குள் நுழைந்தவன் நான். தடுப்புக்கட்டை எழவில்லை. பின்னால் ஒரு லாரி. அப்படி ஆனால் எக்காரணம் கொண்டும் பின்னால் எடுக்காதீர்கள், காரை விட்டு இறங்கவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஆள் பேசுவார். "கார்டு" என்ற ஒரு சொல்லை நான் நாலு தடவை சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது. சாவடியைக் கடக்கும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும்.

சாலையில்

இடப்பக்கம் ஓட்டுவதும் வலப்பக்க ஸ்டியரிங்கும் நம்மூர் மாதிரியே. அந்தத் தைரியம்தான் ஆபத்தும். சென்னையில் சிவப்பு விளக்கிலும் இடப்பக்கம் திரும்பிப் பழகிய கை இங்கேயும் திருப்பப் பார்க்கும். கூடாது, சிவப்பு எரியும்போது பச்சை அம்பும் எரியாமல் இடப்பக்கம்கூடத் திரும்ப முடியாது. தலைகீழ் சிவப்பு முக்கோணம் என்றால் "தொமாரே", நில். சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். தெரு காலியாக இருந்தாலும் நிற்க வேண்டும். ரயில் கேட்டிலும் அப்படியே, கேட் திறந்திருந்தாலும் நின்றுதான் கடக்க வேண்டும். ஹாரன் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள்.

பூப்பார்ப்பும் சாக்கே என்னும் அரிசி மதுவும் சேர்ந்தே வரும் சமாசாரம். ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. குடித்தவர் ஓட்டினால், அவருக்கு ஊற்றிக் கொடுத்தவருக்கும், தெரிந்தே அவர் காரில் ஏறியவருக்கும் தண்டனை உண்டு. காரில் சின்னக் கீறல் விழுந்தாலும் 110-க்கு அழைத்துக் காவல்துறையிடம் பதிய வேண்டும். இல்லாவிட்டால் காப்பீடு கைவிரித்துவிடும்.

வழி சுலபம். ஷிஞ்ஜுகு பக்கமிருந்து வரும் 4-ஆம் எண் விரைவுச்சாலை தகாயிதோவில் சூவோ நெடுஞ்சாலையாக மாறும். ஹச்சியோஜி தாண்டியதும் மலை. கொபோதொகே சுரங்கம் கடந்து தாங்கோஸாகா ஓய்விடத்தில் நிறுத்திக் காப்பி குடியுங்கள். ஓட்சுகியில் சாலை இரண்டாகப் பிரியும். கவாகுச்சிகோ பக்கம் இழுக்கும் பலகையை விட்டுவிட்டுக் கோஃபு பக்கம் போங்கள். அடுத்து சாசாகோ சுரங்கம், கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர். அதைத் தாண்டிச் சாலை இறங்கத் தொடங்கியதும் கோஃபு சமவெளி மொத்தமும் கீழே தட்டில் வைத்ததுபோல் விரியும். சரிவெல்லாம் திராட்சைப் பந்தல், பீச் தோட்டம். எதிரே ஜப்பானின் தெற்கு ஆல்ப்ஸ் மலைகள், ஏப்ரலிலும் உச்சியில் பனி. ஓட்டுகிறவர் அதைப் பார்க்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். தகாயிதோவிலிருந்து சுதாமா வெளியேற்றம் வரை ஏறக்குறைய 130 கிலோமீட்டர்.

கோயில் மரம்

சுதாமாவில் இறங்கிக் கால் மணி நேரத்தில் ஜிஸ்ஸோஜி கோயில் வந்துவிடும். பௌத்தத் துறவி நிச்சிரெனின் மரபுக் கோயில். அங்கே நிற்பதுதான் யமதாகா ஜிந்தாய் சகுரா. வயது 1,800-லிருந்து 2,000 வருடம் என்கிறார்கள். 1922-இல் நாட்டின் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஃபுகுஷிமாவின் மிஹாரு தாகிஸாகுரா, கிஃபுவின் உசுஸுமி சகுரா ஆகியவற்றோடு சேர்த்து ஜப்பானின் மூன்று பெரும் சகுராக்கள் என்று எண்ணப்படுவதில் இது ஒன்று.

பெரிய மரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உயரம் பத்து மீட்டர் சொச்சம்தான். சுற்றளவுதான் கிட்டத்தட்ட பன்னிரண்டு மீட்டர். அடிமரம் மரமாகவே தெரியாது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மாதிரி முண்டும் முடிச்சுமாகக் கிடக்கும். உள்ளே பொந்து, மேலே பாசி. அந்தக் கிழப்பாறையிலிருந்து விரல் தடிமனில் கிளைகள் கிளம்பி, சுண்டுவிரல் நகம் அளவு வெளிர்ரோஜாப் பூக்களைத் தாங்கி நிற்கும். பெரிய கிளைகளுக்குக் கீழே மரக்கம்புகள் முட்டுக் கொடுத்திருக்கின்றன. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒருமுறை கூட்டிப் போனேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆலமரத்துக்கு விழுது விடுற வயசுல இதுக்கு மனுஷங்க கம்பு குடுத்திருக்காங்க" என்றாள். அப்புறம், "நம்ம வேப்பமரமும் இந்த மாசந்தான் பூக்குது, யாரு போய்ப் பார்க்குறா" என்று ஒரு பெருமூச்சு.

ஜப்பானியப் புராண வீரன் யமதோ தகேரு கிழக்கே படையெடுத்து வந்தபோது நட்டது என்று ஒரு கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மரம் நலிந்துபோனபோது நிச்சிரென் துறவி வேண்டி மீட்டார் என்று இன்னொன்று. நம் காலத்திலும் நலிந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரைச் சுற்றியிருந்த மண்ணைப் பகுதி பகுதியாக, நாலு வருடம் எடுத்து மாற்றினார்கள். வேலிக்கு உள்ளே கால் வைக்காதே என்று எழுதியிருப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆள் மிதித்து மண் இறுகினால் வேருக்கு மூச்சு முட்டும். எந்தச் சகுரா மரத்தடியிலும் இது பொருந்தும். கிளையைத் தொட வேண்டாம், வளைக்க வேண்டாம். படத்துக்காக உலுக்கி இதழ் கொட்டவைப்பது அசிங்கமான வேலை.

பெரிய மரத்தோடு திரும்பிவிடாதீர்கள். மற்ற இரண்டு பெரும் சகுராக்களின் வாரிசுக் கன்றுகளும் அதே வளாகத்தில் வளர்ந்து நிற்கின்றன. இந்த மரத்தின் விதைகளைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்து முளைக்கவைத்த மரமும் அங்கே இருக்கிறது. கீழே மஞ்சள் டாஃபடில் பாத்திகள், மேலே ரோஜா நிறம், பின்னால் காய்-கொமாகதாகே மலையின் பனி. மூன்றும் ஒரே சட்டகத்தில் அமைய, ஏழரை மணி வெயில் நல்லது. மேற்கே இருக்கும் மலைமேல் காலை வெளிச்சம் நேராக விழும். ஒன்பது மணிக்கு மேல் பேருந்துகள் வந்துவிடும். தரை சமதளம், அம்மாவின் முழங்காலுக்குச் சிரமமில்லை. புகைப்படங்களில் ஃபூஜி மலையோடு ஒட்டி நிற்கும் அந்தச் சிவப்புக் கோபுரத்துக்குப் போக ஃபுஜியோஷிதாவில் 398 படி ஏற வேண்டும்; கூட்டமும் அப்படி. ஆசைப்பட்டால் அங்கே ஷிமோயோஷிதா நிலையத்துக்கு ரயிலில் போங்கள், காரில் வேண்டாம்.

அங்கிருந்து ஏறுவதா, இறங்குவதா

இப்போதுதான் கார் வேலை செய்யும். ஜிந்தாய் சகுரா மான்காயைத் தாண்டியிருந்தால், ஐந்து பத்து நிமிடம் மேலே சனேஹாரா. சுமார் 200 சோமெய் யோஷினோ மரங்கள் சாலையின் இருபுறமும் கூரை போட்டிருக்கும். கோயில் மரத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிந்திப் பூப்பது வழக்கம். அதுவும் போதாதென்றால் கொபுச்சிஸாவா வரை ஏறுங்கள். ஊரின் உயரம் ஏறக்குறைய 900 மீட்டர். அங்கே வயல் நடுவில் ஷிந்தென் ஓயிதோ சகுரா நிற்கிறது. நானூறு வருட மரம், கிளைகள் நூல்போல் தொங்கும், பின்னால் யாட்சுகதாகே மலை.

எல்லாம் மொட்டாக இருந்தால் நிராசாகிக்கு இறங்குங்கள். வனிஸூகா சகுரா அங்கேதான். வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன மேடு, அதன்மேல் 17 மீட்டர் உயரத்துக்கு ஒற்றை மரம், முந்நூறு வருடத்துக்கு மேல் வயது. கம்பில்லை, வேலைப்பாடில்லை, குடை பிடித்ததுபோல் நிற்கும். பூக்காலத்தில் இரவில் விளக்கும் போடுவார்கள். ஜிந்தாய் சகுரா கிழவியென்றால் இது நிமிர்ந்து நிற்கும் வீட்டுத்தலைவி.

சகுரா எங்கும் முடிந்துவிட்டது, நாளை மாற்றவும் முடியாது என்றால்கூட வண்டியைத் திருப்ப வேண்டாம். ஜப்பானில் அதிகம் பீச் விளைவது யமனாஷியில்தான். பீச் பூ சகுராவுக்குக் கொஞ்சம் பிந்தி வரும், நிறமும் அழுத்தமான ரோஜா. நிராசாகியின் ஷின்பு, அல்லது ஃபுயேஃபுகி பக்கத்துச் சரிவுகளில் பாருங்கள். ஒன்று மட்டும்: அது பூங்கா இல்லை, விவசாயியின் நிலம். தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். மருந்தடிக்கும் வண்டி போகும் குறுகலான பாதையில் காரை நிறுத்தாதீர்கள்.

சாப்பாடு, துணிமணி

மரக்கறி உண்பவர்களுக்கு மலைப்பக்கத்தில் கடை கிடைப்பது கஷ்டம். யமனாஷியின் ஹோதோ, பூசணி போட்ட பட்டை நூடுல்ஸ், பார்க்கச் சுத்த சைவம். சாறு பெரும்பாலும் மீன் கருவாட்டில் எடுத்தது. சோபா என்ற நூடுல்ஸைத் தொட்டுச் சாப்பிடும் சாறும் அப்படித்தான். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷிகசாயில் குடியிருக்கும் எங்களுக்கு விடை எளிது: புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். தரையில் விரிக்க நீலத் தார்ப்பாய் வேண்டும், நூறு யென் கடையில் கிடைக்கும். விரிப்பில் ஏறும்போது செருப்பைக் கழற்ற வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் வளாகத்தில் விரிக்காதீர்கள். 20-ஆம் எண் சாலையில் ஹாகுஷு சாலையோர நிலையம் இருக்கிறது, அங்கே மலை ஊற்றுத் தண்ணீர் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். ஊரார் பத்துப் பதினைந்து கேன்களோடு வரிசையில் நிற்பார்கள். ஒரு பாட்டிலோடு நின்றால் முன்னால் விட்டுவிடுவார்கள். பக்கத்தில் தாய்கஹாரா என்ற பழைய வழிப்போக்கர் ஊரில் ஷிங்கென் மோச்சி வாங்குங்கள். வேர்க்கடலை மாவுபோல் மணக்கும் வறுத்த சோயாப்பொடியும் கருஞ்சர்க்கரைப் பாகும் போட்ட அரிசிக் களி. அம்மாவுக்கு அன்றைக்கு மரத்தைவிட அதுதான் பிடித்தது. "ஹனா யோரி தாங்கோ", பூவைவிடக் கொழுக்கட்டையே மேல் என்று ஜப்பானியரும் சொல்கிறார்கள்.

குப்பைத்தொட்டி எங்கும் இருக்காது. பை கொண்டுபோய் வீட்டுக்கே எடுத்துவாருங்கள்.

குளிருக்கு ஹனாபியே என்று தனிப்பெயரே இருக்கிறது, பூக்காலக் குளிர். 2020 மார்ச் 29-இல் டோக்கியோவிலேயே பூத்த சகுராமேல் பனி விழுந்தது. மலையில் கேட்க வேண்டாம். கடைசி மார்ச்சில் போகிறீர்கள், முந்தின நாள் குளிர் என்றால், பனிச்சக்கரம் மாட்டிய கார் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொரு விஷயம் மகரந்தம். சூகி மரமும் ஹினோக்கி மரமும் இந்த மாதங்களில்தான் தூள் பரப்பும். வந்த புதிதில் ஒன்றும் தெரியாது, சில வருடத்தில் கண்ணும் மூக்கும் ஒழுகத் தொடங்கும். மாஸ்க், கண் சொட்டு மருந்து.

திரும்புவது

இந்தப் பயணத்தில் மிகவும் யோசிக்க வேண்டியது இதுதான். ஞாயிறு மாலை சூவோவில் டோக்கியோ பக்கம், கொபோதொகே சுரங்கத்துக்கு முன் வண்டிகள் தேங்கும். இருபது கிலோமீட்டர் நீளத் தேக்கம் அங்கே செய்தியே இல்லை. மதியம் ஒன்றரைக்குள் கிளம்பிவிடுங்கள், அல்லது இரவு எட்டுக்கு முன் கிளம்பவே வேண்டாம். இடைப்பட்ட நேரத்தில் கிளம்பினால் வீட்டுக்குப் போகும் நேரம் ஒன்றுதான், கால்தான் பிரேக்கில் மரத்துப்போகும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். மாலையில் வெந்நீர் ஊற்றுக் குளியல் ஒன்றுக்குப் போய், இருட்டியதும் வனிஸூகாவில் விளக்கு போட்ட மரத்தைப் பார்த்துவிட்டு நிதானமாக ஏறுவேன். அன்றைக்கு ஐந்து மணிக்கே எழுந்தவர் ஒருவரே இரவிலும் ஓட்ட வேண்டாம். இரண்டாவது ஓட்டுநரின் பெயரைக் கார் எடுக்கும்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

காரைத் திருப்பித் தருமுன் டேங்கை நிரப்ப வேண்டும். "ரெகுலர், மான்தான்" என்றால் நிரப்பிவிடுவார்கள். பூ நிறைந்தால் மான்காய், டேங்க் நிறைந்தால் மான்தான். நீங்களே பிடித்துக்கொள்ளும் பங்க் என்றால் சிவப்புக் குழாய். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மஞ்சள் நம்பர் பலகை போட்ட குட்டிக் காருக்குக் கெய் என்று பெயர். பச்சைக் குழாயில் வருவது கெய்யு. குட்டிக் காருக்கான எண்ணெய் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளத் தோன்றும். கெய்யு என்றால் டீசல். அதைப் போட்டால் கார் இழுவை வண்டியில்தான் போய்ச் சேரும். பெட்ரோல் ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கார் கடையில் கேட்பார்கள். ஈ.டி.சி. கார்டை வாடகைக்கு எடுத்திருந்தால் கருவியிலிருந்து உருவி அவர்கள் கையில் கொடுங்கள். இருக்கைக்கு அடியில் உருண்டுபோன தயிர்ச்சோற்று டப்பாவையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.